பெயரிழந்த ஊருக்கு ஈடு கேட்ட பெருந்தகை

கதிரியக்கக் கழிவுத் திட்ட இழப்பீட்டுத் தனி வட்டாட்சியராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி சௌடேஸ்வரி அவர்களுக்கு, திண்டுக்கல் அலுவலகப் பணியாளர்கள் படித்தளிக்கும் மடல்

கோப்புகளுக்குள் குமுறிய குரல்களைக் கேட்ட கருணையே! கோபத்திலும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! புழுதி பறக்கும் கரட்டுப் பாதைகளில் பொழுதெல்லாம் பயணித்த பொறுமையின் புகலிடமே! தறியோசைக்கு நடுவே பிறந்து, தரிசு நிலத்தார் துயருக்குச் செவி கொடுத்த சின்னாளபட்டிச் செல்வமே! வணக்கம், அம்மையே, வணக்கம்!

பெரியோர் நிறைந்த இந்த அவையில் பாராட்டப்படுபவரின் முகம் பார்த்துப் பேசுவதே மரபு. ஆனால் நேருக்கு நேர் யாராவது புகழ்ந்தால் அம்மையார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே அவையோரைப் பார்த்தே அவர் கதையைச் சொல்கிறோம். அவர் சற்று நேரம் பொறுத்து அமர்ந்திருக்கட்டும்.

அவையோரே! நத்தத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் அம்மையார். புளியந்தோப்புக் குத்தகைச் சண்டையும், மாந்தோப்பு வரப்புத் தகராறும், வறட்சி நிவாரணமும் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக உயர்ந்தார். கணவரை இளம் வயதிலேயே இழந்தார். பிள்ளைகள் இல்லை. தம்பி தண்டாயுதபாணியைப் படிக்க வைத்து, சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்துக் கொடுத்து, அவர் மகள் சுகன்யாவைத் தன் மகளாக வளர்த்தார். கணவர் போனபின்னும் பூவையும் பொட்டையும் அவர் விடவில்லை; அந்த வீட்டின் ஒவ்வொரு நல்ல நாளுக்கும் முதல் ஆளாகப் போய் நின்றவர் அவர்தான். இந்த அலுவலகத்துக்கு வரும் வரை அவர் தனிமை என்ற சொல்லைத் தன்னோடு சேர்த்து எண்ணியதே இல்லை என்று பின்னொரு நாள் எங்களிடம் சொன்னார்.

குஜிலியம்பாறைக்கு அப்பால் ஆனைக்கரட்டுப்பட்டி என்றோர் ஊர். மானாவாரியில் சோளமும் கம்பும், கிணறு வைத்திருப்பவர் நிலத்தில் மல்லிகையும் விளையும் ஊர். அந்த ஊர்க் கரடாகிய சிறு குன்றின் பாறை உறுதியானது, அணு உலைகளில் மிஞ்சும் கதிரியக்கக் கழிவை அதன் அடியில் ஆழமாகக் குடைந்து பல நூறாண்டுகளுக்குப் புதைத்து வைக்கலாம் என்று ஒரு திட்ட நிறுவனம் முன்மொழிந்தது. முன்மொழிந்ததோடு சரி. கரட்டின் மேல் பாறையைத் துளைத்துப் பார்க்கும் எந்திரம் ஒன்று நின்றது. வேறெதுவும் வரவில்லை. கழிவு என்று ஒரு கைப்பிடி கூட அந்த மண்ணில் விழவில்லை. சுற்றியுள்ள மக்களுக்கு இழப்பீடு உண்டு என்று அறிவித்தார்கள். அதைப் பங்கிட்டுக் கொடுக்கவே எங்கள் அலுவலகம் பிறந்தது.

விதி எளிமையாக இருந்தது. கிராம சபை திட்டத்துக்குச் சம்மதம் தரவேண்டும். தந்தால், முதல் கழிவுப் பேழை வந்து இறங்கும் நாளிலிருந்து குடும்பந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை பணம் வரும். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, மேலதிகாரி ஒருவர் இதை ஒலிபெருக்கியில் விளக்கினார். ஊர் பாதி தலையாட்டியது, பாதி தரையைப் பார்த்தது. அப்போது வெள்ளாடு மேய்த்துப் பிழைக்கும் கருப்பாயி எழுந்து நின்றார்.

"அய்யா, குப்பை வந்தாத்தான் காசுங்கறீக. வராமலே போயிட்டா?"

"வரலைன்னா உங்களுக்குப் பிரச்சனையே இல்லையேம்மா" என்றார் மேலதிகாரி.

"எப்பிடி இல்லாமப் போகும்? இப்பவே என் கெடாக்குட்டிய அய்யலூர்ச் சந்தையில எவனும் தொட மாட்டேங்கிறான். அணுக்குழி ஊர்க் குட்டிங்கறான். குழியே இன்னும் வெட்டல. பேரு போயிருச்சே, அதுக்கு யாரு குடுப்பா?"

மேலதிகாரி அம்மையாரைத் திரும்பிப் பார்த்தார், ஏதாவது சொல்லிச் சமாளிக்கட்டும் என்று. அம்மையார் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"இன்னைக்கு இருக்குற விதிப்படி யாரும் குடுக்க மாட்டாங்க. அது தப்பு. அது சரியாகுற வரைக்கும் யாரும் சம்மதம்னு கை தூக்க வேண்டாம்."

அவ்வளவுதான். பந்தல் கலைந்தது. சம்மதம் வேண்டிய மேலதிகாரிக்கும் கோபம், பணத்தை நம்பி அடுத்த போகத்துக்குத் திட்டம் போட்டிருந்த ஊர்க்காரர்களுக்கும் கோபம். வண்டியில் ஏறியபோது எங்கள் ஓட்டுநர் இஷாக் மட்டுமே அவருக்குக் கதவு திறந்துவிட்டார். அன்று தொடங்கியது அம்மையாரின் ஒற்றையடிப் பயணம்.

மறுநாள் மேலதிகாரி அவரை அழைத்துக் கேட்டார்: "பேருக்கு எப்படிம்மா விலை போடுறது? நிலம் போச்சுன்னா அளந்து குடுக்கலாம். மரம் போச்சுன்னா எண்ணிக் குடுக்கலாம். இது வெறும் வதந்தி."

"வதந்திதான் சார். ஆனா அதைக் கெளப்பி விட்டது நம்ம அறிவிப்பு" என்றார் அம்மையார். "ஒரு காலையில என்கூடப் பூ மார்க்கெட்டுக்கு வாங்க. அதுக்கப்புறமும் வதந்தின்னு சொன்னீங்கன்னா நான் பேசல."

மேலதிகாரி வந்தார். அதற்காக அவருக்கும் எங்கள் நன்றி உரியது. விடிந்தும் விடியாத வேளை. ஆனைக்கரட்டுப்பட்டி விவசாயி சுருளிவேலும் அவர் மனைவி அய்யம்மாளும் ஒரே தோட்டத்தில், ஒரே செடிகளில் பறித்த மல்லிகையை இரண்டு பைகளாகக் கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். அய்யம்மாள் தன் பையை ஒரு கமிஷன் கடையில் இறக்கி, தொப்பம்பட்டிப் பக்கத்துப் பூ என்று ஊரை மாற்றிச் சொன்னார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பை காலி. நாலு கடை தள்ளி, அழகுராஜா என்பவரின் கடையில் சுருளிவேல் தன் பையை இறக்கி ஊர்ப் பெயரை உள்ளபடி சொன்னார்.

"ஓரமா வையிண்ணே. கடைசியில பாத்துக்கலாம்" என்றார் அழகுராஜா, பையைத் தொடாமலே.

கடைசி என்பது வரவே இல்லை. வெயில் ஏறியது, மொட்டு வாய் பிளந்தது. பூக்கட்டும் பெண்ணொருத்தி குனிந்து பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "அய்யய்யோ, இது அந்த ஊருப் பூவா? தலையில வச்சா முடி கொட்டிப் போகுமாம்ல!"

மேலதிகாரி அழகுராஜாவிடம் போய், ஏன் வாங்கவில்லை என்று கேட்டார். அவர் சங்கடத்தோடு கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு பயமும் இல்ல சார். வாங்க வாரவுக மொதல்ல ஊரத்தான் கேக்குறாக. நான் பொய் சொல்லி வித்து நாளைக்குத் தெரிஞ்சா, என் கடைப் பேரும் போயிரும்ல?"

சுருளிவேல் வாடிய பூவைக் கொட்ட மனம் வராமல் பையை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மேலதிகாரி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். "எழுதி அனுப்புங்க. நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

எழுதி அனுப்புவது எளிது. பதில் வருவது எளிதல்ல. ஊரிலேயே இருந்து பார்த்தவர் எவரும் இதைச் சொல்லவில்லை என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. அப்படியானால் இருந்து பார்க்கிறேன் என்று அம்மையார் திண்டுக்கல் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆனைக்கரட்டுப்பட்டியில் கருப்பாயி வீட்டுக்கு எதிரே ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தார், அந்த ஊர்க் கீரையைச் சமைத்தார். அங்கிருந்தே அலுவலகத்துக்கு வந்து போனார்.

ஊர் அவரை உடனே ஏற்றுக்கொண்டது என்று சொன்னால் அது அலங்காரப் பொய்யாகும். திட்டக்காரர்களின் உளவாளி என்றனர் சிலர். வரவிருந்த பணத்தைக் கெடுத்தவர் என்றனர் பலர். அவர் தெருவில் வந்தால் பேச்சு நின்றுவிடும். தேநீர்க் கடையில் அவர் முன்னால் குவளை வைக்கப்படும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார். மாலையில் விளக்கேற்றிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதிர் வீட்டில் கருப்பாயி ஆடுகளோடு பேசிக்கொண்டிருப்பது கேட்கும். "ஆட்டுக்கிட்டப் பேசுறதுல பாதி என்கிட்டப் பேசினாப் போதும்னு தோணும் இஷாக்" என்று ஒரு நாள் வண்டியில் சொன்னாராம். விதியைத் திருத்தும் ஆணையை எதிர்பார்த்து இரண்டு மழைக்காலங்கள் இப்படியே கழிந்தன.

அந்தக் காலத்தில்தான் சுகன்யாவுக்குத் திருமணம் நிச்சயமானது. சேலை எடுத்துக் கொடுக்க ஆசை ஆசையாகத் தம்பியின் கடைக்குப் போனார் அம்மையார். இஷாக் வாசலில் நின்றிருந்தார். தண்டாயுதபாணி வாடிக்கையாளரை விட்டுவிட்டு அக்காவைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். சாயம் காயும் சேலைகளுக்கு நடுவே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, மாப்ள வீட்டுல ஒரு பேச்சு வந்துருச்சு. அத்தைக்காரி அந்த ஊருலதான் இருக்காகளாமேன்னு கேக்குறாக. அந்தத் தண்ணிய இம்புட்டு நாளாக் குடிச்சவுக வந்து ஆரத்தி எடுத்தா, நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கு எதுவும் ஆகுமான்னு..."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னேன். நம்ப மாட்டேங்கிறாகளே."

அம்மையார் கொஞ்ச நேரம் ஈரச் சேலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "சரிப்பா. அக்காவுக்கு ஆபீசு வேலை, வர முடியலன்னு சொல்லிரு. பிள்ளை அழுதான்னா, முகூர்த்தம் முடிஞ்சு ஒரு நாள் வாரேன்னு சொல்லு."

"அக்கா, கோவமா?"

"இல்லப்பா. மாப்ள வீட்டுக்காரங்க மேலயும் இல்ல. பயந்தவங்க மேல என்னத்தக் கோவப்பட?"

திருமண நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அலுவலக வண்டியைக் கழுவ வந்த இஷாக், பூட்டிய கதவின் முன் படிக்கட்டில் அம்மையார் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். மாம்பழ நிறப் பட்டுச்சேலை, தலை நிறைய சுருளிவேல் தோட்டத்து மல்லிகை.

"மேடம், இன்னைக்கு லீவு நாளாச்சே."

"தெரியும் இஷாக். கட்டிக்கிட்டேன். அப்பறம் எங்க போறதுன்னு தெரியல."

இஷாக் கதவைத் திறந்துவிட்டு, தேநீர் வாங்கி வந்து வைத்துவிட்டு, வெளியே வந்து வண்டியை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே அம்மையார் முகூர்த்த நேரம் முடியும் வரை கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கணினியை இயக்கி, தலைமை அலுவலகத்துக்கு மறுபடி ஒரு கருத்துரு தட்டச்சு செய்தார். தன் வீட்டுச் செய்தியை அதில் ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை. ஏன் என்று பிறகு நாங்கள் கேட்டோம். "எனக்குச் சம்பளம் இருக்கு. கெடாக்குட்டி விக்காட்டியும் சாப்பிடுவேன். அவங்க அப்படியா?" என்றார். அன்றுவரை மூளையால் புரிந்துவைத்திருந்ததை அன்றுதான் உடம்பால் அறிந்தேன் என்றும் சொன்னார்.

அவையோரே! அந்த ஆண்டின் இறுதியில் ஆணை வந்தது. திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே இழப்பு தொடங்கியதாகக் கொள்ளவேண்டும், சம்மதித்தாலும் மறுத்தாலும் பணம் பெற உரிமை உண்டு, வாங்கியவர் நாளைக்குத் திட்டம் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு என்றது ஆணை. அடுத்துக் கூடிய கிராம சபையில் எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. திட்டம் வேண்டாம் என்றது ஊர். சில மாதங்களில் திட்ட நிறுவனமே, பாறையில் வெடிப்புகள் இருக்கின்றன என்று சொல்லி எந்திரத்தை இறக்கிக் கொண்டு போய்விட்டது.

திட்டம் போனால் இழப்பீடும் போகவேண்டும் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. எந்திரம் போன வேகத்தில் ஊரின் கெட்ட பெயர் போய்விடாது, ஊர்ப் பெயரைச் சொல்லிப் பூ விற்கும் காலம் வரும் வரை கொடுங்கள் என்று அம்மையார் விடாப்பிடியாக நின்றார். முழுதும் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். போராடிப் பெற்றது அதுதான். அதற்கு மேல் வென்றதாக நாங்கள் சொன்னால் அம்மையாரே எழுந்து மறுப்பார்.

பணம் வழங்கிய நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை இல்லை, மாலை இல்லை. ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சுருளிவேல் மட்டும் மேசைக்கு முன் தயங்கி நின்றார். "காசு வந்துச்சு மேடம், சந்தோசம். ஆனா பூவ இன்னமும் தொப்பம்பட்டின்னு சொல்லித்தான் விக்கிறேன். பொய் சொல்லிப் பொழைக்க வேண்டியதாப் போச்சே" என்றார். 

கருப்பாயி வரவே இல்லை. மாலையில் அம்மையார் தெருவைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனார். ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்த கருப்பாயி திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் காச வாங்குனா போன பேரு திரும்பி வந்துருமா?"

"வராது கருப்பாயிக்கா."

"பெறகு எதுக்குக் குடுக்குறீக?"

"உங்களுக்குத் தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிடுறதுக்கு. சும்மா வாயால சொன்னா நாளைக்கு மறந்துருவாங்க."

கருப்பாயி பட்டிப் படலை இழுத்துக் கட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து கைநாட்டு வைத்தார். "உள்ள வந்து உக்காருங்க. கம்மஞ்சோறு இருக்கு, தொட்டுக்க வெஞ்சனம் இல்ல, மோர்தான்" என்றார். எதிரெதிர் வீட்டில் இருந்தும் ஒரு வாய் சோற்றுக்கு அந்த ஊரில் அம்மையாரை ஒருவர் அழைத்தது அதுவே முதல் முறை. அன்று இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லையாம். பேசாமல் சாப்பிட்டதே போதுமாக இருந்தது என்றார் அம்மையார்.

அவையோரே! இன்றோடு அம்மையார் ஓய்வு பெறுகிறார். இந்த அலுவலகமும் விரைவில் மூடப்படும். ஓய்வு பெறுபவரை மாலையோடு வீடு வரை கொண்டு விடுவது நம் வழக்கம். தம்பி வீட்டார் இன்று வர இயலவில்லை என்று செய்தி அனுப்பியிருக்கிறார்கள். முன்வரிசையில் அவர்களுக்காகப் போட்ட நாற்காலிகளை நாங்கள் எடுக்கவில்லை, அம்மையார் எடுக்க வேண்டாம் என்றார். சென்ற வாரம் இஷாக் அவரிடம் மெல்லக் கேட்டார்: "மேடம், உங்களை எங்க கொண்டுபோய் எறக்கணும்? சின்னாளபட்டிக்கா?"

"ஆனைக்கரட்டுப்பட்டிக்குத்தான்."

"இனிமே அங்க என்ன மேடம் வேலை இருக்கு?"

"வேலை ஒண்ணும் இல்ல இஷாக். அதிகாரிங்க வந்தாங்க, பேப்பர்காரங்க வந்தாங்க, எந்திரம் வந்துச்சு. எல்லாரும் பாத்துட்டுப் போயிட்டாங்க. வெளியூர்க்காரி ஒருத்தியாவது அங்க குடியிருந்து காட்டணும்ல?"

அம்மையே! இனி உங்களை நோக்கியே பேசுகிறோம், பொறுத்தருளுங்கள். அறுபதைக் கடந்த இந்த அகவையில் ஆளரவம் குறைந்த ஊரை நீங்களே தேர்ந்துகொண்டீர்கள். அதை மாற்றச் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. அலங்காரமாக வாழ்த்தி அனுப்பவும் மனம் வரவில்லை. எனவே எங்களால் இயன்றதை மட்டும் வேண்டுகிறோம். உடலில் வலுவும் உறக்கத்தில் அமைதியும் உங்களை விட்டு நீங்காதிருக்கட்டும்! சுகன்யா தன் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு, ஒளியாமல் மறையாமல், பட்டப்பகலில் உங்கள் வாசலில் வந்து இறங்கட்டும்! நாங்களும் வருவோம். பேருந்திலிருந்து இறங்கி, பாதையில் எதிர்ப்படுபவரிடமெல்லாம் உரத்த குரலில், ஊரின் முழுப் பெயரையும் சொல்லி, ஆனைக்கரட்டுப்பட்டிக்கு எப்படிப் போகவேண்டும் என்று வழி கேட்டுக்கொண்டே வருவோம்!

பிரியமும் பெருமிதமும் கலந்த நெஞ்சத்தோடு,
இழப்பீட்டுத் தனி வட்டாட்சியர் அலுவலகப் பணியாளர்கள்,
திண்டுக்கல்